புரட்டிப் போட்டால் உட்காரும்

சவுரிமுத்து, வட்டிக்கடைத் துலுக்காணத்துக்குத் தர வேண்டிய பாக்கி, வட்டியும் முதலுமாக மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். அதில் முதல் ஆயிரத்தைக் கட்டிவிட்டு, ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து, சங்கிலி கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரும்புலியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் புதினாத் துவையலில் சீரகம் மணத்தது.

"இன்னா ஜெயா, துவையல்ல சீரகம் போட்டியா?"

ஜெயசீலி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "சீரகமா? டப்பா காலியாகி ரெண்டு நாளாச்சு. ஆயிரம் ரூபா கட்டுன மெதப்புல மூக்கும் மேல போயிகிச்சா?"

புதினாக் கட்டில் மிச்சமிருந்ததை எடுத்து வந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். கழுவிய தண்ணீர் இன்னும் சொட்டியது. அவன் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினான். இலை பச்சைதான், விரலில் ஒட்டிய சாறும் பச்சைதான், ஆனால் எழும்பி வந்த வாசம் இரும்புச் சட்டியில் வறுபட்ட சீரகத்தின் வாசம். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம், அதற்கும் அப்பால் தாம்பரத்தை விட்டுக் கிளம்பும் மின்சார ரயிலின் ஊதல். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு கையைக் கைலியில் துடைத்தான். வலது கட்டைவிரல் நுனி மட்டும், துடைத்த பிறகும், சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாகவே இருந்தது.

அந்தக் கடன் வந்தது திரிசூலம் குவாரியில் கருங்கல் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில். வெடி வைத்த பாறையிலிருந்து தெறித்த சில்லு இடது புருவத்தை இரண்டாகக் கிழித்துப் படுக்கையில் தள்ளியது. அப்போது அவனுக்கு எழுத்து தெரியாது. துலுக்காணம் நீட்டிய பிராமிசரி நோட்டில் இடது கட்டைவிரலை வைத்தான். வீட்டுப் பட்டாவும் அந்த நோட்டோடு பெட்டிக்குள் போனது. நாற்பதைத் தாண்டிய பிறகு சர்ச்சில் நடந்த மாலை வகுப்பில் உட்கார்ந்து, தன் பெயரைத் தானே எழுதிப் பார்த்து அழுத அன்றைக்கும், அவன் ரேகை அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. கிறிஸ்துமஸுக்குள் கணக்கைத் தீர்க்காவிட்டால் வீடு துலுக்காணத்துக்கு.

அந்தச் சமயத்தில்தான் சேலையூரில் டாக்டர் அபிதகுஜாம்பாள் வீட்டுக்குக் கல்சுவர் வைக்கப் போனான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். மாடி முழுக்க ஆராய்ச்சிக்கூடம். அவன் குவியலில் ஒரு கல்லை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி ஒரு பார்வை பார்த்துச் சந்தில் வைத்தால், கலவையே வேண்டாத மாதிரி அது போய் உட்காரும். அந்தம்மா மாடியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவர் முடிந்ததும் மேலே கூப்பிட்டாள்.

"உங்களுக்கு உருவம் பார்க்கிற கண் இருக்கு, சவுரிமுத்து. அந்தக் கண் எனக்கு வேணும்."

வேலை இதுதான். மருந்துக் கம்பெனிக்காரர்கள் நானூறு சின்னப் புட்டிகளில் நானூறு பொடி அனுப்பியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் ஒவ்வொரு பொடிக்குள்ளும் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று, பெரிய இடத்து மெஷினில் கொடுத்து எடுத்த படம் கண்ணாடித்தாளில் வந்திருந்தது. புள்ளியும் கோடுமாக இருக்கும், கோலம் போல. உலகத்தில் இதுவரை பார்த்த படிகங்களின் படங்களெல்லாம் இன்னொரு பக்கம் தடித்தடியான கட்டுகளாக அடுக்கிக் கிடந்தன. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில், ஏற்கெனவே பெயர் தெரிந்த படிகத்தின் படத்தை வைத்து, அதன்மேல் புதுப் படத்தை வைக்க வேண்டும். எல்லாப் புள்ளியும் புள்ளிமேல் உட்கார்ந்தால் அந்தச் சாமான் இன்னதென்று தெரிந்துவிடும், நம்பரை எழுதிவிடலாம். கம்ப்யூட்டரில் செய்யலாமாம். அதற்குக் கொடுக்கும் காசுக்கு அந்தம்மா வீட்டையே விற்க வேண்டுமாம். நானூறையும் இன்னதென்று சொல்லிவிட்டால் கம்பெனி பணம் தரும், அதில் நாலாயிரம் அவனுக்கு, வாரம் ஆயிரமாக.

அவள் சொன்ன கட்டுப்பாடு ஒன்றே ஒன்று.

"தாளைத் திருப்பி வைக்கக் கூடாது. வலது கால் செருப்பு இடது கால்ல ஏறுமா? ஏறாது இல்லையா? திருப்பி வச்சா அது வேற சாமான்."

அவன் தலையை ஆட்டினான். செருப்பு போடாத காலோடு வளர்ந்தவன் அவன்.

நானூறாவது படம்தான் உட்காரவில்லை. மழைக்கால இருட்டு சாயங்காலத்திலேயே ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டது. கட்டுக் கட்டாகப் புரட்டினான். மேசைக்கு அடியில் டியூப்லைட் ரீங்கரித்தது, அந்த ரீங்காரம் பல்லுக்குள் போய்க் கூசியது. புள்ளிகள் கிட்டக் கிட்ட வந்து, கடைசியில் ஒன்று மட்டும் விலகி நின்று அவனைப் பார்த்தது. இது ஒன்றுதான் பாக்கி. இது உட்கார்ந்தால் வீடு. கல் உட்காராவிட்டால் கொத்தன் என்ன செய்வான்? புரட்டிப் போடுவான். ஒரு பக்கம் உட்காராத கல் மறுபக்கம் உட்காரும். முப்பது வருஷமாகக் கல்லோடு பழகிய கை செய்கிற வேலை அது, கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

கை புரட்டிப் போட்டது.

உட்கார்ந்தது. அத்தனை புள்ளியும், அத்தனை கோடும், ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழை சந்து இல்லாமல். ரீங்காரம் ஒரு மூச்சு நேரம் நின்று மறுபடி தொடங்கியது. பொய் எழுதுகிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நம்பரை எழுதினான்.

தெரியாத சாமான் புட்டிகளைப் பூட்டிய அலமாரியில் வைத்து, கையுறை போட்டு அந்தம்மா மட்டும்தான் எடுப்பாள். இன்னதென்று தெரிந்துவிட்டால் வெளியே அடுக்குக்கு வந்துவிடும், அவன் கொட்டிக் கழுவி வைப்பான். நானூறாவது புட்டியும் அப்படி வெளியே வந்தது. வெறுங்கையால் கழுவினான். பொடி குவாரித் தூசி மாதிரி குளிர்ச்சியாக, வழவழப்பாக, கட்டைவிரலில் ஒட்டியது. முதல் ஆயிரம் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

இரண்டாவது ஆயிரத்தைக் கட்டப் போனபோது துலுக்காணம் வழக்கம்போல மார்க்கெட் சந்தில், அரிசி மண்டிக்குப் பக்கத்துக் கடையில், பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பெரிய தொந்தி, இடது பக்கத்தில் தங்கப் பல். கட்டைவிரலை நாக்கில் நனைத்து, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தரம் நனைத்து, எண்ணினான். வாரம் ஆயிரம் தவறாமல் வருகிறவரை வட்டி ஏற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தான்.

எண்ணி முடித்து வெற்றிலையை வாயில் போட்டவன் உடனே துப்பினான். "த்தூ. வெத்தலையே இப்பல்லாம் வாடை மாறிப் பூடுச்சு சவுரி. எதத் துன்னாலும் பேஜாராக் கீது."

"மழைத் தண்ணிண்ணா" என்றான் சவுரிமுத்து. வீடு பாதி மீண்ட சந்தோஷத்தில் அவன் அதை யோசிக்கவில்லை.

சோறு உடம்பில் ஒட்டாமல் போனது மூன்றாவது ஆயிரத்தையும் கட்டிய பிறகுதான். வாந்தி இல்லை, பேதி இல்லை. தின்பான், தின்பான், வயிறு கல் அடைத்த மாதிரி நிறையும், பசி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சோறு சுண்ணாம்புத் தூளாக ருசித்தது. சர்க்கரை நாக்கில் கிடந்து ஒன்றும் சொல்லவில்லை.

"பானை காலியாவுது, ஒடம்புல ஒண்ணும் ஏறலியே" என்றாள் ஜெயசீலி. அவன் தட்டில் மிஞ்சியதைத் தான் சாப்பிட எடுத்தாள். ஏனென்று தெரியாமல் அவன் தட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

ராத்திரி பாயில் படுத்து மார்பில் கையை வைத்தான். துடிப்பு இல்லை. மூச்சு நின்றுபோன பயத்தில் கை அங்குமிங்கும் அலைந்தது. கடைசியில் கண்டுபிடித்தான். வலது பக்கம், விலாவுக்கு அடியில், சம்மட்டி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இருட்டில் ஜெயசீலியின் மூச்சு மெதுவாக வந்துபோனது. எழுப்பலாம். எழுப்பி என்ன சொல்வது? என் நெஞ்சு இடம் மாறிவிட்டது என்றா?

விடிந்ததும் சைக்கிளை எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் திருப்பிய உடனே பஸ் ஒன்று நேராக அவன்மேல் வந்தது. டிரைவர் கத்தினான். விழுந்து எழுந்து பார்த்தால், எல்லா வண்டியும் தப்புப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸின் நெற்றிப் பலகையைப் பார்த்தான். எழுத்து இருந்தது. ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி, பின்னாலிருந்து முன்னால் வந்தன. நாற்பது வயசுக்குமேல் பிடித்த எழுத்து, பிடி நழுவிப் போய்விட்டதோ என்று முதலில் வெட்கம்தான் வந்தது. பயம் அப்புறம் வந்தது. டீக்கடையில் எல்லாரும் இடது கையால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பூக்காரி இடது கையால் பூவைக் கிள்ளிக் கொடுத்தாள். சாமி கும்பிட்டுத் திருநீறு பூசியவன் இடது கையால் பூசினான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினான். ஜெயசீலி தட்டு வைத்தாள். இடது கையால் சோற்றை அள்ளினாள். அவள் மூக்குத்தி மறு மூக்கில் மின்னியது.

"ஏய்! பீச்சாங்கையால சோறு போடுற?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மெதுவாக. "இது சோத்துக்கைதான். நீதான் காலைலேர்ந்து எல்லாத்தையும் பீச்சாங்கையால தொட்டுகினு கீற." அருகில் வந்தாள். விளக்கை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இந்தத் தழும்பு... அந்தப் பக்கப் புருவத்துலதானே இருந்துச்சு?"

அவன் சேலையூருக்கு ஓடினான்.

டாக்டரம்மா அவன் தழும்பு பக்கம் மாறியிருந்ததைப் பார்த்தாள். நேராகப் போய், கடைசிவரை உட்காராமல் இழுத்தடித்த நானூறாவது தாளை எடுத்தாள். விளக்கைப் போட்டாள். அவன் எழுதிய நம்பருள்ள படத்தின்மேல் வைத்தாள். உட்காரவில்லை. பிறகு தாளைப் புரட்டினாள்.

உட்கார்ந்தது.

"புரட்டினீங்களா?"

"கல்லு உக்காரலைன்னா... புரட்டித்தானேம்மா போடுவோம்..."

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். "புதினாவுல இருக்கிற சத்து ஒண்ணு. அதையே கண்ணாடியில தெரியற மாதிரி புரட்டினா சீமைச் சீரக வாசம் வரும், மூக்குக்கு நம்ம சீரகம் மாதிரி. அது இயற்கையிலேயே ரெண்டு விதமா இருக்கு, அது பரவாயில்ல. இது அப்படி இல்ல. இதோட மறுபக்கம் இதுவரைக்கும் யாரும் பார்க்காதது. எந்தக் கட்டுலயும் படம் கிடையாது."

"எனக்கு இன்னாம்மா ஆச்சு?"

"உப்புத் தண்ணியில ஒரு உப்புக் கல்லைப் போட்டா, அதைப் பார்த்து மொத்தமும் அதே மாதிரி கட்டிக்கும். ஒரு துணுக்கு போதும். முதல்ல மூக்கு, நாக்கு. அப்புறம் உள்ள. கடைசியா வெளிய. உலகம் திரும்பல, சவுரிமுத்து. நீங்கதான் திரும்பிட்டீங்க."

"சோறு ஒட்டலம்மா."

"ஒட்டாது. எங்க சோறு உங்களுக்கு வேற கால் செருப்பு."

"பழையபடி ஆவறதுக்கு?"

டியூப்லைட் ரீங்கரித்தது. "கட்டிப்போன கல்லை மாத்தணும்னா ஒரே வழிதான். மறுபடி கரைக்கணும்."

அப்புறம்தான் அவளுக்கு அந்தக் கேள்வி தோன்றியது. கேட்கும்போதே நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "உங்க வாய் பட்டது, கை பட்டது... வீட்டுல யார் தொட்டாங்க?"

கடைசி ஆயிரத்தைக் கவரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். அவள் கையில் கையுறை இருந்தது. அவன் படி இறங்கும்போது மேலே கதவில் தாழ் விழும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவனுக்குப் பசிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஜெயசீலி ஒருத்திதான். அவளுக்கு மட்டும் இது ஒட்டக் கூடாது. தட்டை உடைத்தான். டம்ளரைப் புதைத்தான். கிணற்றுக் கயிற்றைத் தொடவில்லை. வாசலில், சாரலில், சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தான். கிட்டே வந்தால் கல்லை எடுப்பேன் என்று மிரட்டினான். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. சானடோரியம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், காசநோய்தான், இதுக்கெல்லாம் மாத்திரை உண்டு என்று வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறவளைத் தொட்டு ஆறுதல் சொல்ல முடியவில்லை. முந்தானையால் அவள் துடைத்துக்கொண்ட கை அவன் கண்ணுக்கு இடது கையாகத் தெரிந்தது. அவளிடம் இன்னும் மருந்துக்கும் மாற்றம் இல்லை. அவள் அப்படியே இருக்கிறாள். அது ஒன்றுதான் நிம்மதி.

கணக்கு முடிக்கப் போன அன்று அவளும் கிளம்பினாள். பட்டாவைத் தன் கையால் வாங்க வேண்டும் என்றாள்.

"நாலு ஆள் தூரம் தள்ளி வா" என்றான்.

"வரேன், வரேன். கட்டுன புருசன் பின்னாடி பிச்சைக்காரி மாரி வரேன். பட்டாவ வாங்கிகினு உன்ன நேரா ஆஸ்பத்திரில போடுறேன், பாரு."

மார்க்கெட் சந்தில் மழை விட்டிருந்தது. அந்திக் கடைகளின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் சேற்றில் மிதந்தது. அவனுக்கு வழி தெரியவில்லை. பழகிய சந்து எதிர்ப்பக்கம் திரும்பியது. பலகைகள் எல்லாம் பின்னாலிருந்து முன்னால். எதிரே வந்த பழைய குவாரிக்காரன் அவனைப் பார்த்துவிட்டு, யாரோ என்று தாண்டிப் போனான். அரிசி மண்டி. அதற்கு மறுபக்கம் கடை.

"வா சவுரி" என்றான் துலுக்காணம்.

தழும்பை உற்றுப் பார்க்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. சிரித்தான். தங்கப் பல் மின்னியது. இடது பக்கத்தில், எப்போதும் இருந்த இடத்தில். வலது கையை நீட்டி உட்காரச் சொன்னான். வலது கையை. இத்தனை நாளுக்குப் பிறகு நேராக இருக்கிற ஒரு மனுஷன். சவுரிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் பார்த்தான்.

தொந்தி இல்லை. சட்டை காலியாகத் தொங்கியது. பெட்டிமேல் பரோட்டா, அடுக்காக, பாதி தின்றது. பக்கத்தில் இன்னும் ஒரு பொட்டலம்.

"எவ்ளோ துன்னாலும் ரொம்பல நைனா. வூட்டுல எல்லாம் என்னைய ஒரு மாரி பாக்குதுங்க. இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான் அப்படியே கீற. எடு, பணத்த எடு."

கவரைப் பிரித்து வாங்கினான். கட்டைவிரலை நாக்கில் நனைத்தான். விரல் நுனி வெள்ளை, சுண்ணாம்பு பூத்த மாதிரி.

தட்டை நினைத்தான். டம்ளரை நினைத்தான். பாயை, கயிற்றை, மூச்சை நினைத்தான். பணத்தை நினைக்கவில்லை.

துலுக்காணம் பெட்டியிலிருந்து பழைய பிராமிசரி நோட்டை எடுத்தான். "கணக்கு முடியறப்போ ரேகை வாங்கிப் பாக்குறது நம்ம பழக்கம். போன வருசம் ஒருத்தன் தம்பிய அனுப்பிப் பட்டாவ வாங்கிகினு பூட்டான்." மை டப்பாவை நீட்டினான். மெல்லிய காகிதத்தில் சவுரிமுத்துவின் இடது கட்டைவிரலை உருட்டினான். பழைய ரேகையின்மேல் அதை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின.

"பொருந்தலியே."

சவுரிமுத்து மை படிந்த விரலைப் பார்த்தான்.

துலுக்காணம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். என்ன தோன்றியதோ, காகிதத்தைப் புரட்டி வைத்தான்.

உட்கார்ந்தது. சுழிமேல் சுழி. மயிரிழை சந்து இல்லை.

"பாத்தியா, உன்னுதுதான்" என்று சிரித்தான். நோட்டின் குறுக்கே பேனாவால் எழுதினான். பைசல். பிசிறில்லாமல், இடமிருந்து வலமாக, நேராக. எத்தனையோ நாளுக்குப் பிறகு சவுரிமுத்து படித்த முதல் எழுத்து அதுதான்.

"அய்யே, இன்னாண்ணா பீச்சாங்கையால எழுதுற?" வாசலிலிருந்து ஜெயசீலியின் குரல்.

அவள் உள்ளே வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மீன்கூடைக்காரிகளும் பூக்காரிகளும் வரிசையாக நின்றிருந்தார்கள், நாளைக்குச் சரக்கு எடுக்கக் கடன் வாங்க வந்தவர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் சுவரோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். விரல் நாக்குக்குப் போனது. நோட்டுக்கு வந்தது. மறுபடி நாக்குக்கு. எத்தனை வாரமாக? எத்தனை சந்துக்கு? ஒருத்தி முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள், "யாருடி சீரகம் வறுக்கிறது?"

"இந்தா தங்கச்சி, பட்டா" என்றான் துலுக்காணம். "எழுநூத்தி நாப்பது போவ மீதியும் பிடி. பண்டிகைக்குப் பலகாரம் சுடு."

"ஜெயா, வாங்காத!"

அவள் வாங்கிவிட்டாள். பட்டாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"எண்ணாத! ஜெயா, நாக்குல வெக்காத! கீழ போடு!"

"எண்ணாம வாங்குறதா? நீ கத்துக் குடுத்ததுதானேய்யா" என்றாள். கட்டைவிரலை நாக்கில் நனைத்தாள். ஒரு நோட்டு. நனைத்தாள். இன்னொரு நோட்டு. அவன் கை நீண்டது. தொட்டுப் பிடுங்கலாம். தொட்டாலும் அதுதான். கை அந்தரத்தில் நின்றது.

நனைத்தாள்.

இருநூற்று அறுபது. கணக்கு சரியாக இருந்தது.